கைக்குழியில் உப்பும் துணி, இடம் மாறும் இடுப்பு: தையல் கேள்வி-பதில்

கேள்வி: ப்ளவுஸ் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான தாள் அச்சு) மார்புச் சுற்றளவுக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் ஷோல்டர் தொங்குகிறது, கைக்குழியில் துணி உப்பி நிற்கிறது. ஒரு சைஸ் குறைத்தால் கொக்கி மாட்ட வரவில்லை.

பதில்: உங்கள் தோளுக்கு ஒரு சைஸ், மார்புக்கு வேறு சைஸ். மார்பை மட்டும் பார்த்து எடுத்தால் தோளும் முதுகும் சேர்ந்தே பெரிதாகிவிடும். அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றி மேல்மார்பு அளவு எடுங்கள். அது 36, மார்பு 40 என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்கும் அமெரிக்க பேட்டர்ன்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் 2 இன்ச் வித்தியாசம் வைத்து வரைந்தவை. எனவே 36-உடன் அந்த 2-ஐக் கூட்டி 38 சைஸை எடுத்து, போதாத 2 இன்ச்சை முன்பக்கத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். பேட்டர்ன் முன்பக்கத்தின் ஒரு பாதிதான் என்பதால், அதில் அது 1 இன்ச்.

அடி டார்ட்டின் (வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் முக்கோண மடிப்பு) நடுவிலிருந்து மார்பு முனைக்கும், அங்கிருந்து கைக்குழிக்கும் கோடு போட்டு வெட்டுங்கள். கைக்குழி ஓரத்தில் மட்டும் நூலளவு ஒட்டியிருக்கட்டும். பக்கத் தையலிலிருந்து முனை வரை இன்னொரு வெட்டு. பக்கத் தையலை ஒட்டிய துண்டை முனையில் 1 இன்ச் விலக்கினால் டார்ட் தானாக அகலும். நடுத்துண்டு அடியில் குட்டையாகத் தெரியும். அதை நீட்டி, கீழே தாள் வைத்து ஒட்டுங்கள். நல்ல துணியைத் தொடும் முன் காடாத் துணியில் (விலை குறைந்த முரட்டுப் பருத்தி) ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். அளவு ப்ளவுஸைப் பார்த்தே வெட்டினால் அதிலுள்ள குறையும் கூடவே வரும்.

கேள்வி: பின்கழுத்தை இறக்கினால் ஷோல்டர் நழுவுகிறது.

பதில்: கழுத்து இறங்க இறங்க, தோளருகே அதன் அகலம் குறைய வேண்டும். அரை இன்ச் குறையுங்கள். அகலம் வேண்டுமென்றால் கீழே போய் விரியட்டும். நாடா கட்டுவது அதன் பிறகுதான்.

கேள்வி: நான் உயரம் குறைவு. சுடிதார் டாப்பை அடியில் 2 இன்ச் வெட்டியும் இடுப்பு வளைவு கீழேயே நிற்கிறது.

பதில்: அடியில் வெட்டினால் இடுப்பு எப்படி மேலே வரும்? பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை அளந்து பேட்டர்னோடு ஒப்பிடுங்கள். அதிகமாக இருப்பதைக் கைக்குழிக்கும் இடுப்புக்கும் நடுவே தாளில் மடித்துவிடுங்கள், முன்னும் பின்னும் ஒரே அளவு. மடிப்பு இரட்டையாக விழுவதால் 1½ இன்ச் குறைய ¾ இன்ச் மடிப்பு போதும். உடைந்த பக்கக் கோட்டைத் திரும்ப வளைத்து வரையுங்கள். ஸ்லிட்டும் தானே மேலேறும்.

கேள்வி: அதே டாப்பில் பாக்கெட் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. பாக்கெட் இல்லாத சுடிதார் தைப்பவர்கள்மேல் எனக்குத் தனிக் கோபமே உண்டு. இடுப்புக்கு 2 இன்ச் கீழே, பக்கத் தையலில் 6 இன்ச் வாய் விடுங்கள். ஸ்லிட் அதற்கும் கீழே தொடங்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஸ்லிட்டை இறக்குங்கள்.