வாத்தியார் பதில்கள்: மெய்ஜியின் குடுமி

யோகோஹாமாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது டோக்கியோவிலுள்ள மெய்ஜி பேரரசர் நினைவு ஓவியக்கூடத்துக்குப் போய்வந்ததைச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. திருவள்ளுவர் உரை பற்றிக் கேட்ட பண்ருட்டி அன்பர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெய்ஜி ஜப்பானை நவீனமாக்கினார் என்று பரீட்சைக்குப் படித்தோம். அவர் தன் கையால் என்னதான் செய்தார்?
*கல்லூரி மாணவி, கரூர்*

இதே கேள்வியை என் வகுப்பில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்டான். "கையெழுத்துப் போட்டார், உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. பாதி சரியான பதில்தான் என்றாலும் மீதிப் பாதியை அவனுக்கு நான் சொல்லவே இல்லை.

1868 ஜனவரியில், ஷோகன்கள் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி முடிந்தது, இனி பேரரசரே ஆள்வார் என்று அறிவித்தபோது அவருக்கு வயது 15. அறிவிப்பை ஏற்பாடு செய்தவர்கள் சத்சுமா, சோஷு பகுதிச் சாமுராய்களும் இவாகுரா தொமோமி போன்ற சில அரண்மனைப் பிரபுக்களும். அந்த ஏப்ரலில் வெளியான புகழ்பெற்ற ஐந்து அம்ச உறுதிமொழியைக்கூட அவர் வாயால் படிக்கவில்லை. சஞ்சோ சனெதோமி என்ற பிரபு தெய்வங்களின் முன்னால் படித்தார். பதினைந்து வயது அரசர் உடன் இருந்தார்.

அப்புறம் அவருக்கு என்ன வேலை? மற்றவர்கள் தயங்குகிற காரியத்தை முதலில் தன் உடம்பில் செய்து காட்டுவது.

1872 ஜனவரியில் மாட்டிறைச்சி சாப்பிட்டார், அந்தச் செய்தியை ஊரறியச் செய்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் பெயரளவிலாவது விலக்கி வைத்திருந்த உணவு அது. கோபம் கொண்ட சில மலைவழிபாட்டுத் துறவிகள் அடுத்த மாதமே அரண்மனைக்குள் புக முயன்று, காவலர்களிடம் உயிரை விட்டார்கள். அதே வருடம் அக்டோபர் 14-ம் தேதி ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது, 29 கிலோமீட்டர். விழாவுக்கு அவர் பழைய அரண்மனை அங்கியில்தான் வந்தார். ஐந்து மாதம் கழித்து, 1873 மார்ச்சில், குடுமியை வெட்டிக்கொண்டார். குடுமி போனால் என்னென்ன போகும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்கள் முடி வெட்டிக்கொள்ளலாம் என்று அரசாணை 1871-லேயே வந்துவிட்டது. ஆனால் ஆணையைப் படிப்பது வேறு, மகாராஜாவே கிராப்புத் தலையோடு நிற்பதைப் பார்ப்பது வேறு. பேரரசியும் அதே மாதம் பற்களுக்குக் கறுப்புச் சாயம் பூசுவதை விட்டார்.

உச்சிதா குயிச்சி என்ற புகைப்படக்காரர் எடுத்த இரண்டு படங்கள் இருக்கின்றன. 1872-ல் எடுத்ததில் தலையில் உயர்ந்த தொப்பி, தரை புரளும் அங்கி. 1873-ல் எடுத்ததில் குட்டை முடி, அரும்பு தாடி, பித்தான் வைத்த ராணுவச் சட்டை, நாற்காலி. ஒரே வருட இடைவெளி என்று நம்ப முடியாது. இரண்டாவது படத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல இருக்கிறார் என்று எனக்குப் படும். என் கல்யாணப் போட்டோவில் கோட்டு மாட்டிக்கொண்டு நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

மெய்ஜி என்பது அவருடைய பெயரா?
*வாசகர், நாகர்கோவில்*

இல்லை. பெயர் முட்சுஹிதோ. மெய்ஜி என்பது அவர் காலத்துக்கு வைத்த பெயர். 'ஒளி பொருந்திய ஆட்சி' என்று சொல்லலாம். அறிஞர்கள் தேர்ந்து கொடுத்த பெயர்களில் அவரே சீட்டுக் குலுக்கி எடுத்தது. ஓர் அரசருக்கு ஒரே காலப்பெயர் என்ற வழக்கமும் அப்போதுதான் வந்தது. இறந்த பிறகு அந்தக் காலப்பெயரே அவர் பெயராகவும் ஆயிற்று. அதனால் உயிரோடு இருந்தவரை அவரை யாரும் 'மெய்ஜி' என்று கூப்பிட்டதில்லை.

அரசரை மக்கள் பார்ப்பது அவ்வளவு பெரிய விஷயமா?
*வாசகர், சிதம்பரம்*

நம் ஊர் உற்சவரையே மனதில் வைத்துப் பாருங்கள். தேரில் வெளியே வருகிற சாமிக்கு இருக்கிற மவுசு கர்ப்பகிருகத்தில் இருப்பவருக்கு வேறு விதம். கியோட்டோ அரசர்கள் கர்ப்பகிருகத்துக்காரர்கள். இவருடைய அப்பா கோமெய் 1863-ல் அரண்மனையை விட்டு ஒரு கோயிலுக்குப் போனதே இருநூறு வருடத்துக்கு மேல் நடக்காத அதிசயம். மகனோ 1868-ல் சுமார் மூவாயிரம் பேர் புடைசூழ, பல்லக்கில், கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை போனார். வழியில் நெல் அறுவடையைப் பார்க்க நிறுத்தினார்கள். அந்தக் காட்சிக்கு ஓவியக்கூடத்தில் ஒரு படம் உண்டு.

1872-லிருந்து 1885 வரை ஆறு பெரிய சுற்றுப்பயணங்கள். பள்ளிக்கூடம், ஆலை, கலெக்டர் கச்சேரி என்று நாடெங்கும் போனார். அவர் போன பாதையின் மண்ணையும் கூழாங்கல்லையும் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், நோய் நொடி அண்டாது என்று. அந்தந்தப் பிரபுவுக்கு வரி கட்டி வந்தவர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே நாடு என்று தோன்றியதில் இந்த ஊர்வலங்களுக்குப் பங்குண்டு.

நாட்காட்டியை மாற்றியதில் ஏதோ சம்பளத் தகராறு என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
*ஓய்வுபெற்ற கருவூல ஊழியர், விருதுநகர்*

உங்களுக்குத்தான் இது உறைக்கும், ஐயா. பழைய சந்திரமானக் கணக்கில் மெய்ஜி ஆறாம் வருடத்தில் (1873) ஓர் அதிகமாதம் வந்தது. அப்போதுதான் மாதச் சம்பள முறை வந்திருந்தது. பதின்மூன்று சம்பளம் கொடுக்க கஜானாவில் பணம் இல்லை. ஐந்தாம் வருடம் பன்னிரண்டாம் மாதம் 2-ம் தேதிக்கு மறுநாள் 1873 ஜனவரி 1 என்று அறிவித்துவிட்டார்கள். அதிகமாதமும் போயிற்று, இரண்டே நாளில் முடிந்த கடைசி மாதத்துக்கும் சம்பளம் இல்லை. அறிவித்தது ஒரு மாதத்துக்கும் குறைவான அவகாசத்தில். பேரரசர் பெயரால் வந்த ஆணை என்பதால் சங்கம் சேர்ந்து கோஷம் போட ஆளில்லை.

அப்படியானால் அவர் வெறும் பொம்மைதானே? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
*வாசகர், ஈரோடு*

சுற்றி வளைக்காமல் சொன்னால், பதினைந்து வயதில் பொம்மை. இருபத்தேழு வயதில் அப்படிச் சொல்ல முடியாது.

1879-ல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் உலகச் சுற்றுப்பயணத்தில் ஜப்பான் வந்தார். பேரரசர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதே அரண்மனை வட்டாரத்துக்கு அதிர்ச்சி. ஆகஸ்ட் 10 அன்று ஹாமா அரண்மனைத் தோட்டத்தில், நீர் நடுவே இருக்கும் ஒரு தேநீர்க் குடிலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். கிராண்ட் சொன்னதில் முக்கியமானது, வெளிநாட்டுக் கடனிலிருந்து எட்ட நில்லுங்கள் என்பது. கடன் வாங்கிச் சிக்கிய எகிப்தை உதாரணம் காட்டினார்.

மறுவருடமே சோதனை வந்தது. 1877-ல் சாமுராய்த் தலைவர் சைகோ தகமோரியின் கலகத்தை அடக்க அச்சடித்துத் தள்ளிய காகிதப் பணத்தால் விலைவாசி ஏறிக் கிடந்தது. லண்டனில் 5 கோடி யென் கடன் வாங்கலாம் என்றார் மூத்த அமைச்சர் ஒகுமா ஷிகெனொபு. அமைச்சர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். விஷயம் பேரரசரிடம் போயிற்று. கிராண்டின் எச்சரிக்கையை நினைவூட்டி, கடன் வேண்டாம், சிக்கனம் பிடியுங்கள் என்று முடித்துவிட்டார். அதற்கு அவருக்கு ஒரு தகுதி இருந்தது. 1873-ல் அரண்மனை எரிந்து போனபோது, புது அரண்மனைக்கு இப்போது அவசரமில்லை என்று ஒதுக்கிவிட்டு, 1889 வரை அகாசாகாவில் ஒரு பழைய பிரபு மாளிகையில்தான் குடியிருந்தார்.

இன்னொன்று. 1894-ல் சீனாவோடு போர் அறிவித்தார்கள். இசே கோயிலுக்கும் தந்தையின் சமாதிக்கும் தூதரை அனுப்பிச் செய்தி சொல்ல வேண்டும் என்று அரண்மனை அமைச்சர் கேட்டபோது, "இது என் போர் இல்லை, மந்திரிகளின் போர்" என்று எரிந்து விழுந்தார். மறுநாள் காலை தூதர்கள் புறப்பட்டார்கள். செப்டம்பரில் அவரே ஹிரோஷிமா ராணுவத் தலைமையகத்துக்குப் போய், மரக்கட்டடத்தின் ஓர் அறையில் அடுத்த வசந்தம் வரை இருந்தார். தூக்கம், சாப்பாடு, கோப்பு எல்லாம் அதே அறையில். வசதி செய்து தரட்டுமா என்றவர்களிடம், போர்முனையில் இருப்பவனுக்கு அந்த வசதி உண்டா என்று கேட்டு மறுத்தார். கோபித்துக்கொண்ட அந்த ஓர் இரவுக்கும் இந்த ஏழு மாதத்துக்கும் நடுவில்தான் அந்த மனிதர் இருக்கிறார் என்று நினைக்கிறேன். மறுப்பார், மந்திரிகள் ஒன்றாக நின்றால் இறங்கி வருவார், இறங்கிய பிறகு அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

1889 அரசியல் சட்டம் மக்களுக்கு என்ன கொடுத்தது?
*சட்டக் கல்லூரி மாணவர், மதுரை*

முதலில், அது பேரரசர் மக்களுக்கு 'அருளியது'. பிப்ரவரி 11 காலை பழைய உடையில் முன்னோர் சந்நிதியில் சத்தியம் செய்தார். பிறகு ராணுவ உடைக்கு மாறி, சட்டச் சுருளைப் பிரதமர் குரோதா கியோதகாவிடம் கொடுத்தார். அன்று காலையிலேயே கல்வி அமைச்சர் மோரி அரினோரியை ஒருவன் கத்தியால் குத்தினான், மறுநாள் இறந்தார். ஊரெங்கும் தோரணம், விளக்கு. அரசவை மருத்துவர் பெல்ட்ஸ் என்ற ஜெர்மானியர், சட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமலே கொண்டாடுகிறார்கள் என்று நாட்குறிப்பில் எழுதினார். 'கென்போ ஹப்பு' (சட்ட அறிவிப்பு) என்பதை 'கென்பு நோ ஹப்பி' (பட்டு மேல்சட்டை) என்று கேட்டு, அரசர் பட்டுச் சட்டை கொடுக்கப் போகிறார் என்று நம்பியவர்கள் உண்டு என்றும் ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள்.

வருடம் 15 யென் நேரடி வரி கட்டும், 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டும் ஓட்டு. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர். மூன்றாம் பிரிவு பேரரசரைப் புனிதமானவர், மீறமுடியாதவர் என்றது. 55-ம் பிரிவு அவர் ஆணைகளுக்கு அமைச்சர் கையெழுத்து வேண்டும் என்றது; பொறுப்பு அமைச்சர்களுக்கு. ஆனால் 11-ம் பிரிவு தரைப்படையும் கடற்படையும் அவர் தலைமையில் என்று சொல்லிவிட்டது. இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு தளபதிகள் பிற்காலத்தில், நாங்கள் பேரரசருக்குத்தான் பதில் சொல்வோம், மந்திரிசபைக்கு இல்லை என்றார்கள். சட்டம் எழுதிய இட்டோ ஹிரோபுமி கட்டிய வீட்டில் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

பள்ளிக்கூடங்களில் அவர் படத்தை வணங்கினார்களாமே?
*ஆசிரியை, தஞ்சாவூர்*

ஆமாம் அம்மா, இதைப் படித்த அன்றிலிருந்து எனக்கு உறுத்தல்.

அவருக்குப் படம் பிடிப்பதே பிடிக்காது. 1888-ல், கியொஸ்ஸோனே என்ற இத்தாலியக் கலைஞர் விருந்தொன்றில் மறைவாக உட்கார்ந்து அவர் முகத்தை வரைந்தார். அந்தச் சித்திரத்தைப் புகைப்படம் எடுத்துத்தான் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அதாவது பிள்ளைகள் குனிந்து வணங்கியது போட்டோவைக்கூட அல்ல, சித்திரத்தின் போட்டோவை. 1890 அக்டோபர் 30-ல் கல்வி குறித்த பேரரசரின் அருளுரை வந்தது. பெற்றோரிடம் பக்தி, உடன்பிறந்தோரிடம் அன்பு, ஆபத்து வந்தால் நாட்டுக்கு உயிர். விழா நாட்களில் தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறையோடு அதைப் படிக்க, பிள்ளைகள் தலை குனிந்து நிற்பார்கள். 1891-ல் உச்சிமுரா கான்சோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர் போதுமான அளவு குனியவில்லை என்று வேலையை இழந்தார். பள்ளி தீப்பிடித்தபோது அந்தப் படத்தைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஆசிரியர்கள் உண்டு.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஓடு விழுந்து சத்துணவுக் கூடம் நனைந்தபோது, முதலில் ஹெட்மாஸ்டர் அறைத் தலைவர் படங்களைத்தான் நகர்த்தினோம். அரிசி மூட்டை அப்புறம்தான்.

அந்தக் காலத்தில் நம்மவர் யாராவது ஜப்பானை நேரில் பார்த்தார்களா?
*வாசகர், திருவல்லிக்கேணி*

உங்கள் பேட்டைக்கே வந்த கடிதம் இருக்கிறது! சிகாகோ போகிற வழியில் விவேகானந்தர் 1893 ஜூலை 10-ல் யோகோஹாமாவிலிருந்து அளசிங்கப் பெருமாள் முதலான சென்னை நண்பர்களுக்கு எழுதினார். ஜப்பானியர் காலத்தின் தேவையை உணர்ந்து விழித்துக்கொண்டார்கள் என்று மெச்சுகிறார். தீக்குச்சி ஆலைகள் பார்க்க வேண்டிய காட்சி என்கிறார். நம் இளைஞர்கள் வருடா வருடம் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அவர் அங்கே இறங்குவதற்குச் சில மாதம் முன்புதான், போர்க்கப்பல் செலவுக்குப் பாராளுமன்றம் பணம் தர மறுத்துத் தகராறு நடந்தது. பேரரசர் தன் அரண்மனைச் செலவில் வருடம் 3 லட்சம் யென் வீதம் ஆறு வருடம் தருகிறேன், அதிகாரிகளும் சம்பளத்தில் பத்தில் ஒன்று கொடுங்கள் என்றார். உறுப்பினர்கள் வாயடைத்துப் போனார்கள். தீக்குச்சியைக் கண்ட சுவாமிக்கு இந்தச் சம்பளப் பிடித்தம் தெரிந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

வீட்டுக்குள் அவர் எப்படி? அங்கேயும் ஐரோப்பியர்தானா?
*குடும்பத் தலைவி, கும்பகோணம்*

மின்விளக்கு பிடிக்காது, மெழுகுவர்த்தி போதும். சாக்கே என்ற அரிசி மது, வாள், சுமோ மல்யுத்தம், குதிரை இவற்றில் ஆசை. வாழ்நாளில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் 'வாகா' கவிதை எழுதினார். முப்பத்தொரு அசை கொண்ட பழைய வடிவம். 1904-ல் ரஷ்யப் போரின்போது எழுதியது ஒன்று: நாற்கடலிலும் எல்லோரும் உடன்பிறப்புகள் என்று எண்ணுகிற உலகில் காற்றும் அலையும் ஏன் இப்படிக் கொந்தளிக்கின்றன? 1941 செப்டம்பர் 6-ல், அமெரிக்காவோடு போர் பற்றிய ஆலோசனைக் கூட்டத்தில் பேரன் ஹிரோஹிதோ சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இதைப் படித்தார். தளபதிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். டிசம்பரில் பேர்ல் துறைமுகம்.

ஓவியக்கூடத்தில் உங்களுக்குப் பிடித்தது எது?
*வாசகி, பாளையங்கோட்டை*

எண்பது ஓவியம்; பாதி ஜப்பானிய முறை, பாதி எண்ணெய் வண்ணம். மாட்டிறைச்சிக்குப் படமில்லை, குடுமி வெட்டியதற்கும் இல்லை. 1875 ஏப்ரல் 4-ல் முகோஜிமா தொகுகாவா மாளிகைக்குப் போனதற்கு உண்டு. அன்றுதான் கிமுராயா கடைக்காரர் உப்பிட்ட செர்ரிப்பூ பதித்த பயற்றம் பன்னை அவருக்குக் கொடுத்தார். மேல்நாட்டு ரொட்டி, உள்ளே நாட்டு இனிப்பு. படத்தில் பன்னைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

பிடித்தது, கூடத்துக்குள் கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் அவருடைய குதிரை, கின்காசன். பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். என் பேத்தி, "தாத்தா, இது நிஜமா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். "அப்போ ஏன் நகரலை?" என்றாள்.