இராம் நந்தன் வழக்கு: தண்டனையோடு சட்டப்பிரிவும் வீழ்ந்த தீர்ப்பு

பேச்சுக்காகத் தண்டிக்கப்பட்டவரை விடுவித்ததோடு நில்லாமல், தண்டித்த சட்டப்பிரிவையே செல்லாதென்று அறிவித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு இந்தியாவில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 1958-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் மூவர் கொண்ட முழு அமர்வு இராம் நந்தன் வழக்கில் அளித்த தீர்ப்பு அது.

1954-இல் உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் பேசிய இராம் நந்தன், உழவுத் தொழிலாளரின் வறுமைக்குக் காங்கிரஸ் அரசைச் சாடினார். அவர்கள் படையாகத் திரள வேண்டும் என்றார். நேருவைத் துரோகி என்றும் சொன்னார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இராஜதுரோகக் குற்றப் பிரிவான 124ஏ-இன்கீழ் அவருக்கு 3 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பேச்சு மென்மையானதன்று என்பதாலேயே இத்தீர்ப்பை நான் உயர்வாகக் கருதுகிறேன். நயமான பேச்சுக்கு நீதிமன்றத்தின் துணை அரிதாகவே தேவைப்படும்.

அரசின்மீது வெறுப்பையோ இகழ்ச்சியையோ பற்றின்மையையோ தூண்டினாலே 124ஏ-இன் வாசகப்படி குற்றம். அதனால் கலகம் மூள வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. 1951-இன் முதல் திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பின் 19(2) உறுப்பு பொது ஒழுங்கின் நலனுக்காகப் பேச்சுரிமைமீது நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதித்தது. ஆனால் அமைதிக்கு எவ்வித ஊறும் செய்யாத பேச்சையும் சேர்த்து வளைக்கும் பிரிவு அந்த அனுமதிக்குள் அடங்காது என்பதே அமர்வின் முடிவு. ஆளுங்கட்சியைத் தேர்தலில் வீழ்த்த நினைப்பவர், மக்களிடம் அதன்மீது அதிருப்தியை வளர்க்காமல் எப்படி வாக்குக் கேட்பார்? (1908-இல் வ.உ.சி.யின் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் குறைத்ததே தவிர, சட்டப்பிரிவின்மீது கை வைக்கவில்லை. அன்று அதை உரசிப் பார்க்க அடிப்படை உரிமைகள் என்ற உரைகல்லும் இல்லை.)

அலகாபாத் தீர்ப்பு நீடித்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, வன்முறைக்குத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் போக்குடைய பேச்சுக்கு மட்டுமே 124ஏ பொருந்தும் என்று பொருளைச் சுருக்கிப் பிரிவைக் காப்பாற்றியது. இதே பிரிவின்கீழ் தண்டிக்கப்பட்டிருந்த கேதார்நாத்தின் மேல்முறையீடோ தள்ளுபடியாயிற்று. என் பார்வையில் அலகாபாத்தின் வழியே நேர்மையானது. ஏனெனில் முதல் தகவல் அறிக்கை எழுதும் காவலரின் கண்முன் இருப்பது சட்டத்தின் வாசகம். உச்ச நீதிமன்றம் சுருக்கிய பொருள் பெரும்பாலும் கைதுக்குப் பிறகே பேசப்படுகிறது.

2022 மே மாதம் 124ஏ வழக்குகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவு இல்லை. ஆனால் அதன் 152-ஆம் பிரிவு பிரிவினைச் செயல்களுக்கான ‘உணர்வுகளை’ ஊக்குவிப்பதையும் குற்றமாக்குகிறது.