ஏற்றம் ஏற வைட்டமின் மாத்திரை வேண்டுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 43. கோத்தகிரி பக்கம் அரவேணுவில் குடியிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை. மூன்று வருடமாக சர்க்கரைக்கு மெட்பார்மின் 500 இரண்டு வேளை சாப்பிடுகிறேன். டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதால் சைக்கிள் வாங்கினேன். இப்போது அதை விட மனசில்லை. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் 20 கிலோமீட்டர், ஞாயிறு என்றால் கட்டபெட்டு வழியாக ஊட்டி, மாதம் ஒரு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவோம். நான் சுத்த சைவம். கூட வரும் நண்பர்கள் மல்டிவைட்டமின், வைட்டமின் சி 1000, இ 400, நரம்பு மாத்திரை, வைட்டமின் டி பவுடர் எல்லாம் சாப்பிடுகிறார்கள்; மாதம் 1,800 ரூபாய் ஆகிறதாம். எனக்கும் பாதி ஏற்றத்தில் உடம்பு அப்படியே விட்டுப்போகிறது. வண்டி ஓட்டிய பிறகு வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. இது வைட்டமின் குறைவா? நானும் வாங்கட்டுமா?

பதில்: விரல் மரத்துப்போவதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்காகத்தான் பலரும் நரம்பு மாத்திரை வாங்குகிறார்கள்.

உங்கள் வலது உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். சுண்டு விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டி ஒரு சதைமேடு இருக்கிறது. அதன் ஓரத்தில்தான் அல்நார் நரம்பு உள்ளங்கைக்குள் நுழைகிறது. மேட்டுப்பாளையம் சாலையின் குஞ்சப்பனை வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கும்போது உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்து அந்த மேட்டில்தான் உட்காருகிறது. அந்த நரம்பு உணர்ச்சி கொடுப்பது சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும். நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது. பி12 குறைந்தால் வரும் மரமரப்பு வேறு மாதிரி இருக்கும்: பெரும்பாலும் பாதத்தில், இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தொடங்கும், சைக்கிளைத் தொடாத நாளிலும் இருக்கும். சர்க்கரையால் வரும் மரமரப்பும் கால் பக்கம்தான் ஆரம்பிக்கும். ஆகவே ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தால் மட்டம் பண்ணுங்கள், பஞ்சு வைத்த கையுறை போடுங்கள், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை பிடியை மாற்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, விரல்களுக்கு நடுவே ஒரு தாளைச் செருகினால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை என்றாலோ நேரில் காட்ட வேண்டும். நரம்பு மாத்திரைகள் பலவற்றில் பி6 நிறைய இருக்கிறது. அதை மாதக்கணக்கில் அளவு மீறிச் சாப்பிட்டால் அதுவே கை கால் மரத்துப்போக வைக்கும்.

அடுத்து, பாதி ஏற்றத்தில் விட்டுப்போவது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், ஏறும் உயரம் ஏறத்தாழ 1,450 மீட்டர். நீங்களும் வண்டியும் சேர்ந்து 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் 280 கிலோகலோரி வேலை நடந்தாக வேண்டும். தசை தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுசாக வேலையாக மாற்றுவதில்லை, மிச்சம் சூடாகப் போய்விடும். அதனால் உடம்பு எரிப்பது 1,200 கிலோகலோரிக்கு மேல். வைட்டமின் மாத்திரையில் கலோரி கிடையாது. சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும் வேலைக்கு பி வைட்டமின்கள் கையாள் மாதிரி. கையாளை இரட்டிப்பாக்கினால் அடுப்பில் விறகு கூடிவிடாது. மிச்சமான ரிபோஃப்ளேவின், அதாவது பி2, சிறுநீரில் போய்விடும். மாத்திரை சாப்பிட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாக இருப்பது அதனால்தான்.

நீங்கள் விடியற்காலையில் ஒரு டீயோடு கிளம்புகிறவர் என்று நினைக்கிறேன். என்னிடம் வரும் சைக்கிள்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து கடும் ஏற்றத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர ஆரம்பித்துவிடும். நீங்கள் சொல்லும் ‘அப்படியே விட்டுப்போவது’ அந்த நேரம்தான். கிளம்புமுன் இரண்டு மூன்று இட்லியோ ராகிக் களியோ, ஏற்றத்தில் மணிக்கு ஒன்றிரண்டு வாழைப்பழம் சாப்பிடுங்கள். சர்க்கரைக்காரர் பழம் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது தசை அதை உடனே வாங்கிக்கொள்ளும், மெட்பார்மின் மட்டும் சாப்பிடும் உங்களுக்குப் பயமில்லை. தண்ணீரும் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் ஸ்வெட்டருக்குள் பனியன் நனைந்துதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏற்றத்தில் நெஞ்சு இறுக்குவது, தாடையிலோ இடது கையிலோ வலி பரவுவது, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறது, வயது நாற்பது தாண்டிவிட்டது. இதுவரை ஈசிஜி எடுக்காவிட்டால் அடுத்த மேட்டுப்பாளையம் பயணத்துக்கு முன் எடுத்துவிடுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். நீங்கள் சொன்ன பட்டியலில் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டியதாக இருக்கக்கூடியது பி12. அசைவம் இல்லை, பி12 சைவக்காரருக்குப் பால், தயிர், மோர் வழியாகத்தான் கிடைக்கிறது. அதோடு மெட்பார்மின் நாள்பட குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் அடிக்கடி போடுகிறவர் என்றால் இன்னும் குறையும். பி12 குறைந்தால் ரத்தம் குறையும், நாக்கு சிவந்து எரியும், பாதம் மரக்கும், மறதி வரும். ஒரு நாளுக்குத் தேவை 2.2 மைக்ரோகிராம்தான், ஆனால் பற்றாக்குறை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சேரும். மாத்திரை தொடங்குவதற்கு முன் பரிசோதனை செய்யுங்கள். தொடங்கிய பிறகு பார்த்தால் எண் உயர்ந்து உண்மை மறைந்துவிடும். குறைவு இருந்தால் தினம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையே பெரும்பாலானவர்களுக்குப் போதும். குறைவு கடுமையாக இருந்தாலோ நரம்பு பாதித்திருந்தாலோ ஊசி. மெட்பார்மின் தொடரும்வரை வருடம் ஒரு முறை பார்க்கச் சொல்வேன்.

நம் மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 2.2 மைக்ரோகிராம் கணக்கு, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அட்டவணையில் இருப்பது. அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியைத் தின்று பி1 இல்லாமல் கால் வீங்கி, இதயம் தளரும் நோய் அது. 1958-ல்தான் அந்த ஆய்வுக்கூடம் ஐதராபாத் போனது. சத்து இல்லாதவனுக்கு அதைக் கொடுத்தால் உயிர் பிழைப்பான் என்பதை அந்தக் காலத்து வைட்டமின் ஆராய்ச்சி சந்தேகமில்லாமல் நிரூபித்தது. போதுமான அளவு இருப்பவனுக்கு மேலே மேலே கொடுத்தால் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பிறகு வந்த பதில்கள் அவ்வளவு நன்றாக இல்லை.

வைட்டமின் இ-யையே எடுங்கள். அமெரிக்கா, கனடாவில் 50 வயது தாண்டிய 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த சோதனையில், தினம் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. 2011-ல் வெளிவந்த முடிவு இது. உங்கள் நண்பர்கள் சாப்பிடுவதும் அதே 400. தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

வைட்டமின் சி 1000 பற்றி நார்வேயில் செய்த ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. 54 பேர், 11 வாரப் பயிற்சி. பாதிப் பேருக்கு தினம் சி 1000 மில்லிகிராமும் இ 235 மில்லிகிராமும் கொடுத்தார்கள். ஓடும் திறன் இரு பக்கமும் ஒரே அளவுதான் கூடியது. ஆனால் பயிற்சியால் தசை செல்லுக்குள் பெருக வேண்டிய மைட்டோகாண்ட்ரியா, அதாவது எரிபொருளை எரிக்கும் அடுப்புகள், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்த அளவு பெருகியதற்கான அடையாளம் இல்லை. உழைப்பில் உண்டாகும் ரசாயன உரசலே ‘இன்னும் அடுப்பு கட்டு’ என்று செல்லுக்குச் சொல்லும் சேதி. மாத்திரை அதை அணைத்துவிடுவதாகத் தெரிகிறது. கஷ்டப்பட்டு ஏறிவிட்டு அந்தப் பலனை நாமே ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்? ஆண்கள் தினம் 1000 மில்லிகிராம் சாப்பிட்டால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

சி-க்கு ஆதரவாகவும் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். மராத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த சிப்பாய்கள் என்று ஐந்து ஆய்வுகளில் சுமார் 600 பேர். சி சாப்பிட்டவர்களுக்குச் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. சாதாரண ஆட்களிடம் அப்படிக் குறையவில்லை. ஜனவரி உறைபனியில் நாள்தவறாமல் ஓட்டும் வாரங்களில் உங்களுக்கு இது உதவலாம். அதற்கும் 1000 வேண்டாம். ஒரு நடுத்தரக் கொய்யாவில் 200 மில்லிகிராம் வரை இருக்கிறது. நெல்லிக்காயிலும் நிறைய இருக்கிறது. ஆணுக்கு நாள் தேவை 80.

வைட்டமின் டி மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டியது. ‘தினம் வெளியேதானே இருக்கிறேன்’ என்று நினைப்பீர்கள். விடியற்காலை வெயிலில் டி தயாரிக்கும் கதிர் ஏறக்குறைய இல்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அது தோலுக்கு வரும். நீங்கள் ஆறு மணிக்கு முழுக்கை ஜாக்கெட், கையுறை, குல்லா என்று மூடிக்கொண்டு போகிறீர்கள், பிறகு நாள் முழுக்க அலுவலகம். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் நாள்கணக்கில் மேகம் இறங்கிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊட்டியிலிருந்து திரும்பும்போது பதினொரு மணி வெயிலில் கை கால் தெரிய இருபது, முப்பது நிமிடம் ஓட்டுங்கள். சைக்கிளில் கால் எலும்பு உடம்பின் பாரத்தைத் தாங்குவதில்லை என்பதால் வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். வாரம் இரண்டு நாள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ஏற்றத்தில் நடங்கள். ராகி சேர்த்துக்கொள்ளுங்கள், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்.

பரிசோதனையில் டி குறைவு என்று வந்தால் மட்டும் அந்தப் பவுடர். ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட், அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். என்னிடம் வந்த ஒருவர் அதைத் தினமும் பாலில் கலக்கி இரண்டு மாதம் குடித்திருந்தார். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு என்று அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. காலி உறைகளை அந்த அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்துக் கொண்டுவந்தார். ஐம்பதுக்கு மேல் இருந்தன. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

இரும்பு வைட்டமின் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தேயிலை ஊரில் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நம் பழக்கம். டீயின் துவர்ப்பு கீரை, பருப்பில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வேண்டாம். உங்கள் வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால் மூலம், வயிற்றுப்புண், குடல் என்று எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். மாத்திரை அந்தத் தேடலைத் தள்ளிப்போடும்.

இந்த வாரம் காலையில் வெறும் வயிற்றோடு போய் ஹீமோகிராம் (ரத்த அணுக்களின் கணக்கு), ஃபெரிட்டின் (இரும்பின் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) என்று ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டும். செலவு உங்கள் நண்பர்களின் இரண்டு மூன்று மாத மாத்திரைக் கணக்குக்குள் அடங்கிவிடலாம். முடிவுகளை உங்களுக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை எந்த மாத்திரையும் வாங்க வேண்டாம். ஹேண்டில்பாரை மட்டும் இன்றைக்கே உயர்த்திவிடுங்கள்.