அணையில் விட்டால் புண்ணியமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்திருக்கிறது. மீன் தொட்டியில் நான்கு கோல்டு ஃபிஷ், இரண்டு சக்கர் மீன்கள். சக்கர் இரண்டும் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்துவிட்டன. அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. 'கே.ஆர்.பி. அணையில் விட்டுவிடலாம், உயிரைக் காப்பாற்றின புண்ணியம்' என்கிறார் மாமனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்? – வாசகி, கிருஷ்ணகிரி.

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அணையில் விடாதீர்கள். ஏரி, கோயில் குளம், கிணறு எதிலும் வேண்டாம்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு அதன் நிறமே எமன். கொக்கோ விராலோ கண்ணில் பட்டால் கதை முடிந்தது. சக்கர் விஷயம் நேர்மாறு. அது சாகாது, அதுதான் வம்பு. தென் அமெரிக்க ஆற்று மீன் அது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள். நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை பலவீனமாகும். வலையில் மாட்டினால் வலை கிழியும், சந்தையில் விலையும் போகாது. தமிழ்நாட்டில் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. அணையில் விட்டால் அணையோடு நிற்காது; ஷட்டர் திறந்தால் தென்பெண்ணை ஆற்றோடு சாத்தனூர் அணை வரை போகும். 1952-இல் சாப்பாட்டுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் (திலாப்பியா) இன்று எந்த ஏரியில் இல்லை? அதையாவது வறுத்துத் தின்னலாம்.

மாமனாரோடு நீங்கள் வாதாட வேண்டாம். அணையில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர் யாரிடமாவது அவரையே ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்லுங்கள்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஆள் கிடைப்பது எளிது. வாங்கின கடையிலேயே முதலில் கேளுங்கள். பணம் எதிர்பார்க்காதீர்கள், சும்மா எடுத்துக்கொண்டாலே நல்லது. மாந்தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் தோப்புத் தொட்டியில் விடச் சொல்வார்கள். சிமென்ட் தொட்டி என்றால் பரவாயில்லை, ஆனால் சொட்டுநீருக்கு உரம் கலக்கும் தொட்டியா என்று கேட்டுவிடுங்கள். பண்ணைக் குட்டை வேண்டாம். மழையில் வழிந்தால் ஓடைக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மே மாதம் யார் தீனி போடுவது?

சக்கருக்குப் பெரிய தொட்டி வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டல்கள், ஜவுளிக்கடைகள், பல் டாக்டர் கிளினிக் என்று பெரிய தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓசூர், பெங்களூரில் மீன் வளர்ப்பவர்களையும் விசாரியுங்கள். எவ்வளவு நீளம், இன்னும் எவ்வளவு வளரும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றரை அடி வரைகூடப் போகும். அதை மறைத்துக் கொடுத்தால், அடுத்த வருடம் அவர் அணைக்குக் கிளம்புவார்.

யாருமே எடுத்துக்கொள்ளவில்லை என்றால்? கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கால்நடை மருத்துவரிடம் மயக்க மருந்து கொடுத்து வலியில்லாமல் முடித்துவிடக் கேளுங்கள். அணையில் விடுவதைவிட அது மேல். கழிப்பறையில் போடுவதும், உயிரோடு குப்பையில் எறிவதும் கொடுமை. சமைக்கவும் வேண்டாம், தொட்டியில் நாம் ஊற்றும் நீல மருந்தும் பச்சை மருந்தும் தின்னும் மீனுக்கானவை அல்ல.

கொடுக்கும்போது முந்தின நாள் தீனியை நிறுத்துங்கள். கவரில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று. சக்கரின் முள் கவரைக் கிழித்துவிடும், அதை மூடியுள்ள பக்கெட்டில் கொண்டுபோங்கள்; மூடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம். போன இடத்தில் நேரே கொட்டாமல், கால் மணி நேரம் கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அங்குள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபில்டரையும் ஏர் பம்ப்பையும் மீனோடேயே கொடுத்துவிடுங்கள். லாரியில் ஏற்றினால் எப்படியும் உடையப் போகிறது.

மிச்சத் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். தொட்டிப் பாசியையும் செடிகளையும் மாடியில் வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.