ஈஸ்டர் என்று பெயர் வைத்தது யார்?

அன்புள்ள ஐயா,

சனி இரவுத் திருப்பலி முடிந்து வந்து படுத்தோம். ஞாயிறு விடிந்ததும் என் அக்கா மகன் வாட்ஸப்பில் வந்த ஒன்றைப் படித்துக் காட்டினான். ஈஸ்டர் என்பது இஷ்தார் என்ற பாபிலோன் பெண் தெய்வத்தின் பெயராம். அம்மா முகம் வாடிவிட்டது. "அப்போ இத்தனை வருசமா யாருக்குடா விழா எடுத்தோம்?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

இஷ்தாருக்கும் ஈஸ்டருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். இஷ்தார் அக்காடிய மொழிப் பெயர். ஈஸ்டர் பழைய ஆங்கிலச் சொல். 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையைத் தாக்கி எழுதிய அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர், ஒலி ஒத்துப்போவதை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டார். அதுதான் இன்று உங்கள் மருமகன் கைபேசிவரை வந்திருக்கிறது.

ஆனால் வேறொரு தெய்வத்தின் பெயர் இதில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி, 725இல் காலக்கணக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஏப்ரலை ஒட்டிய மாதத்தைத் தம் முன்னோர் 'ஈயோஸ்டர் மாதம்' என்றார்கள், ஈயோஸ்ட்ரே என்ற தெய்வத்துக்கு அப்போது விழா எடுத்தார்கள் என்கிறார். அவ்வளவுதான். ஈஸ்டரோடு சேர்த்துச் சொல்லப்படும் முயலும் முட்டையும் அவர் எழுத்தில் கிடையாது. உயிர்ப்பு விழா அந்த மாதத்தில் வந்ததால் மாதப் பெயரே விழாவுக்கு ஒட்டிக்கொண்டது. மார்ச் கூட ரோமர்களின் போர்த்தெய்வம் மார்ஸின் பெயர்தான். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் நம் பிள்ளைகள் மார்ஸுக்குப் படையல் வைக்கிறார்களா என்ன?

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. ஈயோஸ்ட்ரே என்ற பெயருக்கு விடியலைக் குறிக்கும் பழைய வேர் ஒன்றை மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். ரிக்வேதத்தின் விடியல் தெய்வமான உஷஸ் அதே வேரில் பிறந்தவள். அப்படிப் பார்த்தால் உங்கள் தெருவில் உஷா என்று யாராவது இருந்தால், ஈஸ்டருக்கு அவர் தூரத்துச் சொந்தம்!

உலகத்தில் பெரும்பாலோர் இந்தப் பெயரைச் சொல்வதும் இல்லை. பிரெஞ்சில் பாக், இத்தாலியத்தில் பாஸ்குவா, ரஷ்யனில் பாஸ்கா. எல்லாம் யூதர்களின் பெசாக் விழாவின் வழி வந்தவை. போலந்துக்காரர்களுக்கு இது 'பெரிய இரவு'. ஹங்கேரியர்களோ 'இறைச்சி எடுத்தல்' என்கிறார்கள். நாற்பது நாள் நோன்பிருந்தவர்கள் வைத்த பெயரென்று கேட்டதுமே தெரிகிறது. ஈஸ்டர் என்பது ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் பிடித்துக்கொண்ட சொல். 1611இன் ஆங்கில பைபிளில் அப்போஸ்தலர் 12:4இல் யூதப் பண்டிகைக்கே ஈஸ்டர் என்று போட்டுவிட்டார்கள். நம் தமிழ் பைபிளில் அதே இடத்தில் பஸ்கா என்று சரியாக இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள்.

அம்மாவிடம் இன்னொன்றும் கேளுங்கள். சனி இரவு கோவில் விளக்கெல்லாம் அணைத்திருந்தபோது, அவர் கையிலிருந்த மெழுகுவத்திக்கு நெருப்பு எந்தத் திரியிலிருந்து வந்தது? பாஸ்கா திரி என்று அவரே சொல்வார்.