கோடு தெரியாமலா தப்பாகச் சொன்னார்கள்? ஆஷ் சோதனை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், கூட்டம் தப்பாகச் சொன்னால் ஒருவர் தன் கண்ணை நம்புவாரா, கூட்டத்துக்குப் பணிவாரா என்று பார்க்க 1950களில் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த கோட்டுச் சோதனையை எங்கள் கல்லூரியில் செய்து காட்டப் போகிறோம். எப்படி அமைப்பது?

பதில்: எட்டுப் பேர் போதும். ஏழு பேர் உங்கள் ஆட்கள், ஒருவர் மட்டும் விஷயம் தெரியாதவர். அவரைக் கடைசிக்கு முந்தைய நாற்காலியில் உட்கார வையுங்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று. எது சமம் என்று வரிசையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆஷ் வைத்தது 18 சுற்று. அதில் 12 சுற்றில்தான் ஆட்கள் ஒரே குரலில் தப்பைச் சொல்வார்கள். முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் சரியாகவே சொல்லட்டும். எடுத்த எடுப்பிலேயே பொய் வந்தால், 'ஏதோ ஏற்பாடு' என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். உங்கள் ஆட்களில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டாலும் அந்தச் சுற்று வீண்.

முன்னதாகச் சிலரைத் தனியாக உட்கார வைத்துச் சரிபாருங்கள். ஆஷிடம் தனியாகப் பதில் சொன்னவர்களின் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. உங்களிடம் அதிகம் வந்தால் கோடுகளின் வித்தியாசம் போதவில்லை என்று அர்த்தம். முடிந்த கையோடு அவரிடம் எல்லாவற்றையும் தனியாக விளக்கிவிடுங்கள். அவமானத்தோடு அவர் வீடு திரும்பக் கூடாது.

கேள்வி: எல்லோருமே கூட்டத்துக்குப் பணிந்தார்களாமே?

பதில்: இல்லவே இல்லை. பாடப்புத்தகங்கள் பரப்பிய தவறு இது. 123 மாணவர்கள், அந்த 12 சுற்றுகளில் தப்பான பதில்கள் 36.8 சதவீதம். மீதி மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் சரியான பதில்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஒரு தடவைகூட அசையவில்லை.

கேள்வி: கூட்டம் பெருகினால் அழுத்தமும் கூடுமா?

பதில்: எதிரே ஒருவர் என்றால் பிழை 3.6 சதவீதம், இருவர் 13.6, மூவர் 31.8. அதற்குப் பிறகு 15 பேர் வரை சேர்த்தும் பெரிதாக ஏறவில்லை. தலைகளின் எண்ணிக்கையைவிட ஒருமித்த குரலுக்குத்தான் வலு. சரியாகச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்தபோது பணிவு கால்வாசியாக இறங்கியது. ஆறு சுற்றுக்குப் பின் அந்தத் துணை கட்சி மாறியதும் மறுபடி மேலே போனது.

கேள்வி: 'ஊர் ஓடினால் ஒத்து ஓடு' என்கிறோமே, அதுவும் இதுதானா?

பதில்: பாதி. ஊர் ஏன் ஓடுகிறது என்று தெரியாமல், அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று நம்பி ஓடுவது ஒன்று. தெரிந்தும் தனித்து நிற்கக் கூசி ஓடுவது இன்னொன்று. 1955இல் டாய்ச், ஜெரார்ட் என்ற இரு உளவியலாளர்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார்கள்.

கேள்வி: இன்றைக்கும் இது செல்லுமா?

பதில்: பிரிட்டனில் 1980இல் வெளியான ஆய்வில் 396 சுற்றில் ஒன்றே ஒன்றில்தான் கூட்டத்துக்குப் பணிந்து பதில் வந்தது. ஆனால் 2023இல் வெளிவந்த சுவிஸ் ஆய்வில் பிழை 33 சதவீதம். சரியான பதிலுக்குக் காசு கொடுத்தும் 25.

கேள்வி: ஆபீஸ் மீட்டிங்கில் என்ன செய்யலாம்?

பதில்: பேச்சு தொடங்கும் முன்பே ஆளுக்கொரு சீட்டில் கருத்தை எழுதி வாங்குங்கள். பதிலை எழுத விட்டபோது ஆஷிடமும் பணிவு வெகுவாகக் குறைந்தது. மேலாளர் கடைசியில் பேசட்டும். 'யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?' என்று முடிவில் கேட்பது பலன் தராது; அந்த நேரத்தில் கை தூக்குபவர் தன்னந்தனியாகத் தூக்க வேண்டியிருக்கும்.