மலை வெயிலும் வீட்டு நாயும்: கேள்வி பதில்

கோடை சீசனில் நீலகிரியில் நாய் வளர்ப்பவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

உதகையிலிருந்து: சார், இங்கே மே மாதத்தில்கூட 23, 24 டிகிரிதான். எங்கள் லேப்ரடாருக்குக் கோடைக் கவனிப்பு என்று தனியாக வேண்டுமா?

வேண்டும். இங்கே காற்றுதான் குளிர்ச்சி, வெயில் குளிர்ச்சி இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதனால் முதலில் காரைப் பற்றிச் சொல்கிறேன். வெளியே 21 டிகிரி இருக்கும்போது, வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரி வரை ஏறும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ‘பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம்’ என்று போனால் ஒரு மணி நேரம் ஆகும். தயவுசெய்து நாயை வீட்டிலேயே விட்டுப் போங்கள். தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, அதாவது 30 கிலோ லேப்ரடாருக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு கிண்ணம் கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும்.

குன்னூரிலிருந்து: அண்ணா, அடுத்த வாரம் கோவையில் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். பக் நாயும் கூட வருகிறது. என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். 1,500 மீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி கூடும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். நாயின் உடம்பு புதுச் சூட்டுக்குப் பழக இரண்டு வாரமாவது பிடிக்கும். பக்குக்கு மூக்கு சப்பை, மூச்சுப்பாதை குறுகல், இளைத்தே களைத்துப்போகும். இரண்டு மூன்று நாள் பயணம்தான் என்றால் தெரிந்தவர்களிடம் குன்னூரிலேயே விட்டுப் போவதுதான் என் யோசனை.

கூட்டிப்போயே ஆக வேண்டுமென்றால் விடிகாலை ஐந்தரைக்குள் கிளம்புங்கள். சீசனில் ஒருவழிப்பாதை ஆக்கி கோத்தகிரி வழியாக இறங்கச் சொன்னால் நேரம் இன்னும் கூடும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வராமலிருக்க, கிளம்புவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப்பட்டை போடுங்கள். கோவையில் நடை காலை ஆறரைக்குள், இரவு எட்டுக்கு மேல். தார் ரோட்டில் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத இடத்தில் அதன் பாதமும் வெந்துபோகும். வெறும் ஃபேன் காற்று நாய்க்கு அதிகம் உதவாது. வயிற்றையும் தொடை இடுக்கையும் நனைத்துவிட்டு ஃபேன் போட்டால் உதவும்.

அவரே மீண்டும்: சூடு தாக்கிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே என்ன செய்ய வேண்டும்?

நாக்கைப் பாருங்கள். சாதாரணமாக இளைக்கும்போது நாக்கு தொங்கும், அவ்வளவுதான். சூடு தாக்கினால் நுனி அகன்று, தடித்து, ஓரம் கரண்டி போல வளையும். நிறம் செங்கல் சிவப்பாகும். எச்சில் நூல் நூலாக இறங்கும். விரலால் ஈறைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அடுத்து தள்ளாட்டம், வாந்தி, ரத்தப் பேதி. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் நல்ல நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் காட்டும். 104-ஐத் தாண்டினால் குளிர்விக்கும் வேலையை ஆரம்பிக்க வேண்டும். 106 என்றால் உயிராபத்து.

நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக வயிறு, அக்குள், தொடை இடுக்கில் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈரத் துண்டைப் போர்த்தி விடுவதுதான் பலர் செய்யும் தவறு. துண்டு சூடேறி, கம்பளி போலச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். தானாக நக்கினால் தண்ணீர் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் குளிர்ந்துபோகும். பாராசிட்டமால் கூடவே கூடாது. இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரைக்கு இந்தச் சூடு இறங்காது, ஈரல்தான் கெடும். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறைவதில் கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் வெளிப்படும்.

கோத்தகிரியிலிருந்து: எங்கள் வெள்ளை ராஜபாளையத்துக்கு மூக்கு மேல்தோல் சிவந்து உரிகிறது. சொறியா?

உரிவது மூக்கிலும் காது நுனியிலும் மட்டும் என்றால் பெரும்பாலும் வெயில் புண். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ராஜபாளையத்துக்கு மூக்கு இளஞ்சிவப்பு, முடியும் குட்டை, மறைப்பே இல்லை. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை நிழலில் வையுங்கள். நாம் பூசும் கேலமைன், துத்தநாக ஆக்ஸைடு கிரீம்கள் வேண்டாம், நக்கி விழுங்கிவிடும். இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றாலோ தடிப்பு வந்தாலோ காட்டுங்கள். திரும்பத் திரும்ப வரும் வெயில் புண் தோல் புற்றுநோயில் போய் முடியலாம்.

அருவங்காட்டிலிருந்து: பொமரேனியனுக்கு மொட்டை அடித்துவிடலாமா?

வேண்டாம். மேல்முடி வெயிலைத் தடுக்கிறது. வழித்துவிட்டால் சில நாய்களுக்குத் திரும்பச் சரியாக வளர்வதில்லை. உள்முடியை வாரத்தில் மூன்று நாள் சீவி எடுத்தாலே போதும்.

மஞ்சூரிலிருந்து: தேயிலைத் தோட்டத்துக்குள் போய் வந்தால் உண்ணி அப்பிக்கொள்கிறது. மண்ணெண்ணெய் தடவலாமா?

மண்ணெண்ணெய், தீக்குச்சி இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சீண்டப்பட்ட உண்ணி வயிற்றில் உள்ளதை நாயின் ரத்தத்துக்குள்ளேயே கக்கும் அபாயமும் உண்டு. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல் நேராக இழுங்கள். ரத்தம் குடித்த உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்குக் கொட்டை போலவே இருக்கும். விரல் இடுக்கு, காது மடிப்பு, வாலடியில் விரலால் தடவித் தேடுங்கள். பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் பலகைத் தரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் கவனித்துப் படுக்கும் இடத்தை விட்டால் மூன்றே வாரத்தில் பழைய கதைதான். மருந்து எடைக்கேற்ப மருத்துவர் எழுதியதாக இருக்கட்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் உள்ள மருந்தை வாங்கவே வாங்காதீர்கள், பூனைக்கு அது விஷம். சாப்பிடாமை, வெளுத்த ஈறு, காபி நிறச் சிறுநீர், மூக்கில் ரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கோடை மழைக்குப் பின் ஒரே மூக்குத்துளையில் ரத்தமும் ஓயாத தும்மலும் என்றால், ஓடையில் குடித்தபோது அட்டை உள்ளே போயிருக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உதகையிலிருந்து இன்னொருவர்: விருந்தினர் குழந்தைகள் ஹோம்மேட் சாக்லெட்டை நாய்க்குக் கொடுத்துவிட்டார்கள்...

எந்த வகை, எத்தனை கிராம் என்று பாருங்கள். 5 கிலோ நாய்க்கு 20 கிராம் டார்க் சாக்லெட்டே வாந்தி, படபடப்பு வர வைக்கும். நம்மூர் சாக்லெட்டில் உலர்திராட்சை இருந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் அவரே வெளியேற்றுவார்.

கூடலூரிலிருந்து: வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று ராத்திரி நாயை முற்றத்தில் கட்டலாமா சார்?

கட்டாதீர்கள் தம்பி. கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. கட்டியிருக்கும்போது நாயால் ஓடவும் முடியாது. உள்ளே தரையை ஈரத்துணியால் துடைத்து, கம்பி போட்ட சன்னலைத் திறந்து வையுங்கள். படுக்கைத் துணி இல்லாமல் வெறும் சிமெண்டில் படுக்கட்டும். கடைசி வேளைச் சிறுநீருக்கு இருட்டும் முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள், கதவைத் திறக்கும் முன் வெளி விளக்கைப் போடுங்கள்.